அல்போன்சா அக்காவும் முப்பத்தொரு ராத்தல் வாளையும்

எங்கள் கோவில் ஹாலில், வாசலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறது. கல்யாண விருந்தோ ஞானஸ்நானக் காப்பியோ, எல்லாம் அதன் கீழேதான் நடக்கும். தொப்பி போட்ட ஒரு ஆள், ஒரு கையில் தூண்டில், தோளோடு அணைத்த இன்னொரு கையில் அங்கிருந்து தரை வரைக்கும் தொங்குகிற வாளை மீன். அடியில் வெள்ளை மையில் எழுதியிருக்கிறது: திரு. சில்வெஸ்டர், முப்பத்தொரு ராத்தல், மார்ச் 1935. அந்த மீனைப் பிடித்தது என் நாத்தனார் அல்போன்சா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. சில்வெஸ்டரை 'அவர்' என்று எழுதவும் என் கை வராது, படிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை.

அக்கா கண்டோன்மெண்ட் பிளாக்பள்ளியில் பிறந்தவள். என் வீட்டுக்காரர் ஓஸ்வால்டுக்கு மூத்தவள். கண்டோன்மெண்டில் பிறந்த மற்ற எல்லோரையும் போல அவளுக்கும் கன்னடம் தெரியாது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், கசாப்புக் கடையில் தக்னி உருது. இந்த மூன்றை வைத்துக்கொண்டே பிறந்து, கல்யாணம் செய்து, செத்தும் போய்விடலாம். எங்கள் ஜனங்கள் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். இதில் யாருக்கும் வெட்கம்கூடக் கிடையாது.

ஆனால் அக்காவைக் கட்டிக்கொடுத்த இடம் ஹொன்னசந்திரா. ஊருக்கு வடமேற்கே, நகரத்துக் குழாய்களுக்குத் தண்ணீர் அனுப்புகிற பெரிய நீர்த்தேக்கம். அவள் புருஷன் ஆம்ப்ரோஸ் அங்கே பம்ப் ஹவுஸில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸில் இவர்கள் ஒரு வீடுதான் தமிழ். போன முதல் மாதமே ஒரு கூத்து நடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆம்ப்ரோஸ் வரவில்லை. பக்கத்து வீட்டம்மாளிடம் அக்கா சைகையில் கேட்டிருக்கிறாள். அந்தம்மா சிரித்துக்கொண்டே, "நிம்ம யஜமான்ரு ஏரி மேலெ இத்தாரெ" என்றிருக்கிறாள். உன் புருஷன் ஏரி மேலே இருக்கிறான். அக்காவின் காதில் விழுந்தது ஏரியும் மேலேயும்தான். ஏரி மேலே இருக்கிறான் என்றால் மிதக்கிறான் என்றுதானே அர்த்தம்? தலைமுடி அவிழ, மாரில் அடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்க்க ஓடினாள். அங்கே ஆம்ப்ரோஸ் கரைமேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். நம் பாஷையில் ஏரி என்றால் தண்ணீர். கன்னடத்தில் தண்ணீருக்குக் கெரெ என்று பெயர். ஏரி என்றால் அந்தத் தண்ணீரை மறித்துப் போட்டிருக்கிற கரை. அண்ணனும் தம்பியும் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்ட மாதிரி. அன்றைக்குக் குவார்ட்டர்ஸ் முழுக்கச் சிரித்த சிரிப்பில் அக்காவுக்கு ரோஷம் வந்து, ஒரே வருஷத்தில் கன்னடத்தைக் கரைத்துக் குடித்துவிட்டாள்.

தூண்டிலும் அங்கே பிடித்ததுதான். பிள்ளை குட்டி இல்லை, பேச்சுத் துணை இல்லை, வீட்டுக்கு எதிரே அவ்வளவு தண்ணீர். முதலில் மூங்கில் கழியில் கெண்டை பிடித்தாள். பிறகு ஆம்ப்ரோஸ், யாரோ வெள்ளைக்காரன் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன ரீல் ஒன்றைப் பழுது பார்த்துக் கொடுத்தார். புருஷனும் பெண்சாதியும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இருபது மைல் வருவதற்குப் பதிலாகக் கரையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஊரில் புகார்கூட உண்டு. அதையெல்லாம் நான் விசாரிக்கப் போவதில்லை.

ஆம்ப்ரோஸ் விஷக் காய்ச்சலில் போய்விட்டார். அக்கா ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கான்வென்ட்டில் தையல் டீச்சர் வேலை கிடைத்தது. நீர்த்தேக்கத்து அதிகாரிகள் ஃபிட்டரின் பெண்சாதி என்ற மரியாதைக்கு மீன் பிடிக்க ஒரு பாஸ் கொடுத்திருந்தார்கள். அவளுக்கென்று மிஞ்சியது அந்த ஒன்றுதான். பொங்கல் கழிந்ததும் சனிக்கிழமை சனிக்கிழமை பஸ் ஏறிவிடுவாள். தாலி இழந்தவளுக்குத் தூண்டில் ஒரு கேடா என்று கேட்டவர்கள் உண்டு. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் வந்து, இறைச்சி தொடாத வெள்ளிக்கிழமை சுத்தபோசனத்துக்கு அவர்கள் வீட்டுக்கே ஒரு துண்டு வாளை போனதும், மென்று முழுங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

பனி முடிகிற சமயத்து மீன்பிடி தனி ரகம். தை, மாசியில் அந்த நீர்த்தேக்கத்தில் தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்துவிடும். நகரம் குடிக்கக் குடிக்க மட்டமும் இறங்கிக்கொண்டே வரும். ராத்திரிக் குளிரில் மீனெல்லாம் பழைய ஆற்றுப் பள்ளத்தில் போய் ஒடுங்கிக்கொள்ளும், எதையும் தின்னாது. எங்கள் கோவில் ஆண்கள் சேர்ந்து 'தூண்டில் சங்கம்' என்று ஒன்று வைத்திருந்தார்கள். அந்தத் துரைமார் விடிவதற்கு முன்னால் போய், கம்பளியைப் போர்த்துக்கொண்டு, பள்ளத்தைப் பார்த்து எவ்வளவு தூரம் வீச முடியுமோ அவ்வளவு தூரம் வீசிவிட்டு, பல் கிட்டித்துப்போய் உட்கார்ந்திருப்பார்கள். அக்கா நிதானமாக இரண்டாம் பூசை பார்த்துவிட்டுக் கிளம்புவாள். போனதும் தூண்டிலைப் பிரிக்கமாட்டாள். கரையின் உள்பக்கம் பதித்திருக்கும் கருங்கல்லில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். மேற்கு பார்த்த கல். மத்தியானம் திரும்பினால்தான் சூடு ஏறும். கல் சுட ஆரம்பித்தால் அதையொட்டிய தண்ணீரும் வெதுவெதுப்பாகும், அந்தச் சூட்டுக்குப் பொடிக் கெண்டை கூட்டமாக வரும், அதைத் தின்ன வாளை வரும். அவ்வளவுதான் அவள் கணக்கு. உயிருள்ள கெண்டை ஒன்றை முள்ளில் கோத்து, காலடியில், கல் முடிகிற இடத்தில் இறக்குவாள். நிழல் தண்ணீரில் விழாமல் வெயிலைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். அந்தக் குளிருக்கு வாளை வெடுக்கென்று இழுக்காது. தக்கை முங்காது. பெஞ்சில் இன்னொருத்தருக்கு இடம் விடுகிற மாதிரி மெதுவாக ஒரு பக்கம் நகரும். அந்த நகர்வு தெரியாதவன் மாசியில் மீன் பிடிக்க முடியாது. சில்வெஸ்டருக்குத் தெரியாது.

சில்வெஸ்டர் கண்டோன்மெண்டில் ஒரு பெரிய கடையில் ஸ்டோர் கீப்பர். சங்கத்துக்குச் செயலாளர். சீமைத் தூண்டில், சீமைத் தொப்பி, பேச்சும் சீமைப் பேச்சு. வருஷா வருஷம் தபசு காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு முந்தின சனிக்கிழமை சங்கத்துக்குப் போட்டி நடக்கும். சங்கத்தில் பெண்களுக்கு இடமில்லை. அதனால் அக்கா தன் பாஸை வைத்துக்கொண்டு, தன்பாட்டுக்கு ஒதுங்கி உட்கார்ந்திருப்பாள். அவர்களுக்கு அவளைப் பார்த்தாலே எரிச்சல். அவர்கள் விரல் நீளக் கெளுத்தியோடு திரும்புகிற நாளில் அவள் கூடையில் வால் வெளியே தொங்கும்.

முப்பத்தைந்தாம் வருஷத்துப் போட்டியன்று மூன்று மணி வெயிலில் அக்காவின் தக்கை நகர்ந்தது. நான் சாப்பாட்டுத் தூக்கோடு பக்கத்தில் இருந்தேன், கண்ணால் பார்த்தேன். அந்த மீன் அவளை ஒரு மணி நேரம் படுத்தி எடுத்தது. ஒரு சமயம் நூலெல்லாம் ஓடிவிட, அவள் வெறும் கையால் அதைப் பிடித்தாள். உள்ளங்கை அறுந்து முழங்கை வரைக்கும் ரத்தம். சங்கத்தார் கரையின் மறுகோடியில் டிபன் கூடைகளைச் சுற்றி இருந்தார்கள், யாரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. கடைசியில் மீன் களைத்துக் கல்லோரம் வந்தபோதுதான் சில்வெஸ்டர் கொக்கியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தான்.

"விடுங்க மிஸஸ் ஆம்ப்ரோஸ், கை போயிடும். நான் பாத்துக்கறேன்" என்றான்.

உதவி என்று நினைத்தோம். கொக்கியால் மீனைத் தூக்கினான், தூண்டிலையும் வாங்கிக்கொண்டான், கரைமேல் ஏறிவிட்டான். அக்கா கையைக் கழுவி, நான் என் முந்தானையைக் கிழித்துக் கட்டு போட்டு, இரண்டு பேரும் மேலே ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மீனை நிறுத்தாகிவிட்டது. சங்கம் வரவழைத்த போட்டோக்காரர் கறுப்புத் துணியிலிருந்து தலையை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.

அக்கா போய், "அது என் மீன்" என்றாள்.

சில்வெஸ்டர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "ஆமா ஆமா, அம்மா போட்ட கூச்சல்லதானே மீன் பாதி செத்துது" என்றான். அத்தனை ஆண்களும் சிரித்தார்கள். ஒருத்தன்கூட அவள் கைக்கட்டைப் பார்க்கவில்லை. நான் கத்தினேன். நான் கத்தினதற்கும் சிரித்தார்கள்.

போட்டோ சுவரில் ஏறியது. அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அந்த ஆள் அதற்கடியில் நின்றுகொண்டு, விடியற்காலைப் பனியில், ஆற்றுப் பள்ளத்தில், தான் எப்படி வீசினேன், எப்படி இழுத்தேன் என்று கதை அளப்பான். பந்தியில் உட்கார்ந்திருக்கிற அக்காவைக் காட்டி, "கேட்டுப் பாருங்க, அம்மாவும் இருந்தாங்க" என்பான். நான் பாதிச் சோற்றில் இலையை மடித்துவிடுவேன். அக்கா குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருப்பாள். ஓஸ்வால்ட், "ஒரு மீனுதானேக்கா, விட்டுத் தொலை" என்றார். என் புருஷன் நல்ல மனுஷன்தான், ஆனால் சண்டை என்றால் கக்கூஸுக்குப் போய்விடுகிற ஜாதி.

"மீனுக்காக இல்லடா," என்றாள் அக்கா. "என் வாழ்க்கையில நான் தனியா, யாரும் குடுக்காம, நானே செஞ்ச காரியம் அது ஒண்ணு. அதையும் அவன் எடுத்துக்கிட்டான். என் பேரு அந்த மீனுக்கு வரணும். இல்லாட்டி அவன் அழுவணும். ரெண்டுல ஒண்ணு."

அந்த வருஷம் முழுக்க அவள் காத்திருந்தாள். கோபத்தைக் காட்டிக் குதிக்கவில்லை, யாரிடமும் புலம்பவில்லை. நான் வீட்டில் தட்டைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தபோது அவள் பெண் பிள்ளைகளுக்குச் சங்கிலித் தையல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மறு வருஷம் மாசியில் தண்ணீர் என்றுமில்லாத அளவுக்கு இறங்கியது. மறுபக்கத்தில், ஆற்றுப் பள்ளத்துக்கு மேலே, வயல் வயலாகச் சேறு வெளியே வந்துவிட்டது. மேலே காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும், கால் வைத்தால் உள்ளே வாங்கும். ஒரு எருமை சிக்கி, கூலிக்காரர்கள் கயிறு கட்டி இழுக்க வேண்டியிருந்தது. ஓவர்சியர் வீரபத்ரையா கண்டிப்பான மனுஷர். மீன் பிடிக்க வருகிற யாராக இருந்தாலும் கரையைவிட்டு நகரக்கூடாது, மீறினால் பாஸ் கிடையாது என்று உத்தரவு போட்டுவிட்டார். இதெல்லாம் போட்டிக்கு முந்தின வாரமே காவல்காரன் அக்காவிடம் சொல்லியிருந்தான். அக்கா என்னிடம் சொல்லவில்லை.

போட்டியன்று பனி விலகி வெயில் வந்த நேரத்தில் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். சங்கத்தார் டிபன் கூடைகளோடு கரைமேல் கும்பலாக இருந்தார்கள். காவல்காரன் ஒவ்வொருத்தரிடமும் போய்க் கும்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான். "ஈ சல ஏரி மேலிந்த மாத்ர, சாமி. சாஹேப்ர ஹுக்கும்."

மற்றவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர்கள் எப்படியும் டிபன் கூடையைவிட்டு நகர்கிற ஆட்கள் இல்லை. சில்வெஸ்டர்தான் தூண்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தான். பள்ளத்துக்கு நேரே மறுபக்கத்திலிருந்து வீசினால் இந்தத் தடவை நாற்பது ராத்தல் என்று சொல்லிக்கொண்டிருந்தான். காவல்காரன் அவனுக்கு முன்னால் போய் நின்று அதையே திருப்பிச் சொன்னான். பத்து வருஷமாக அந்த இடத்துக்கு வருகிறவன், காவல்காரனோடு பத்து வார்த்தை பேசியிருப்பானா என்பது சந்தேகம். அக்காவைப் பார்த்துத் திரும்பினான்.

"மிஸஸ் ஆம்ப்ரோஸ், உங்களுக்குத்தான் இவங்க பாஷை வருமே. ஏரி ஏரின்றான், என்னவாம்?"

அக்கா தலையிலிருந்து நழுவிய முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். "இந்த வாட்டி ஏரி மேல மட்டும்தான் பிடிக்கணுமாம். ஓவர்சியர் உத்தரவு" என்றாள்.

சில்வெஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏரியில பிடிக்காம பின்ன என்ன, கோவில் தீர்த்தத் தொட்டியிலயா பிடிப்போம்? நல்ல உத்தரவு போட்டான் போ" என்றான். காவல்காரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவனை ஒதுக்கித் தள்ளிவிட்டு, சீட்டி அடித்துக்கொண்டு மறுபக்கத்தைப் பார்த்து நடந்தான்.

எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. எனக்கும் கன்னடம் அரைகுறைதான். அக்கா கல்லில் கை வைத்துப் பார்த்து, அது சுடும்வரைக்கும் காத்திருந்து, முள்ளில் கெண்டையைக் கோத்தாள். அவள் வாயோரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. ஒரு வருஷமாக நான் அந்த முகத்தில் பார்க்காத சிரிப்பு.

மத்தியானம் திரும்பினபிறகு மறுபக்கத்திலிருந்து கூப்பாடு கேட்டது. முதலில் நாரை கத்துகிறது என்று நினைத்தேன். எழுந்து பார்த்தால், தூரத்தில் சேற்று வெளிக்கு நடுவில் ஒரு தொப்பி. தொப்பிக்குக் கீழே அரை ஆள். இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, சில்வெஸ்டர் சேத்துல மாட்டிக்கிட்டான். போயிடுவான்க்கா" என்றேன்.

அக்கா திரும்பவில்லை. அவள் தக்கை அப்போதுதான் நகர்ந்துகொண்டிருந்தது. "போவமாட்டான். அந்த எடத்துல இடுப்புக்கு மேல சேறு கெடையாது. எனக்குத் தெரியும், ஒக்காரு" என்றாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எது ஏரி, எது கெரென்னு எனக்கு இருவத்திநாலு வருஷமா தெரியும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதலில் பயம் வந்தது. பிறகு, பொய் சொல்வானேன், சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்தை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சேற்றில் அவன் கத்தக் கத்த, இங்கே அக்கா ஒரு ஏழெட்டு ராத்தல் வாளையை, கொஞ்சமும் அவசரமில்லாமல், தானே இழுத்துத் தானே கரையேற்றினாள்.

கரையில் கல் பதித்துக்கொண்டிருந்த கூலிக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பலகையும் கயிறுமாக ஓடினார்கள். எருமைக்குக் கட்டின அதே மாதிரி கட்கத்துக்கு அடியில் கயிறு கட்டி இழுத்தார்கள். ஆள் வந்தான். சீமைத் தூண்டில் வரவில்லை, ஒரு பூட்ஸும் கால்சட்டையும் வரவில்லை. கரைமேல் கொண்டுவந்து நிறுத்தியபோது சட்டைக்குக் கீழே சேறுதான் மானத்தைக் காப்பாற்றியது. சங்கத்தார் சிரிப்பை அடக்கப் பார்த்தார்கள், முடியவில்லை.

வீரபத்ரையா வந்தார். உத்தரவு தெரியாதா என்று கேட்டார். ஏரியில்தான் பிடிக்கச் சொன்னார்கள், நான் ஏரியில்தான் பிடித்தேன் என்றான் சில்வெஸ்டர், நடுங்கிக்கொண்டே. பத்து வருஷமாக வருகிறவனுக்கு ஏரி எது கெரெ எது என்று தெரியாது என்றால் யாரிடம் கதை விடுகிறாய் என்றார் அவர். சில்வெஸ்டர் அக்காவை நோக்கிக் கையை நீட்டினான். "இந்தம்மாகிட்டதான் சார் கேட்டேன். இவங்கதான் சொன்னாங்க."

ஓவர்சியர் அக்காவிடம் திரும்பி, "ஏனம்மா ஹேளிதிரி இவரிகெ?" என்று மரியாதையாகக் கேட்டார், இவரிடம் என்ன சொன்னீர்கள் என்று.

"ஏரி மேலிந்த மாத்ர அந்த ஹேளிதெ, சாமி" என்றாள் அக்கா. ஏரி மேலேயிருந்து மட்டும் என்று சொன்னேன். காவல்காரனும், ஆமாம், அந்தம்மா அப்படித்தான் சொன்னாங்க என்று தலையாட்டினான்.  சில்வெஸ்டருக்கு அப்போதும் எங்கே இடறினோம் என்று புரியவில்லை. அவன் பாஸ் அங்கேயே கிழிபட்டது. சங்கம் வரலாம், இந்த ஆள் மட்டும் இனி இந்தத் தண்ணீர்ப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு ஓவர்சியர் போய்விட்டார்.

பஸ்ஸில் வரும்போது, "இது பாவமில்லையாக்கா?" என்று கேட்டேன். "நான் சொன்னதுல ஒரு வார்த்தை பொய்யிருந்தா காட்டு" என்றாள்.

தபசு காலம் பாதி போயிருக்கும். ஒரு சாயங்காலம் சில்வெஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தான். ஆள் இளைத்திருந்தான். யாரோ கன்னடக்காரர் அதற்குள் அவனுக்கு அர்த்தம் சொல்லியிருக்கிறார்கள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, கடையைவிட்டால் தனக்கு அந்தத் தண்ணீர் ஒன்றுதான் என்றும், சனிக்கிழமை வந்தால் பைத்தியம் பிடிக்கிறது என்றும் சொன்னான். கண்ணில் தண்ணீர் நின்றது. அது நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

"நீங்க ஓவர்சியர்கிட்ட வந்து, பாஷையில தப்பா போச்சு, அவர் மேல குத்தமில்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சங்கத்துல எல்லார் முன்னாடியும் அந்த மீன் உங்களுதுன்னு சொல்லிடறேன். போட்டோவ எறக்கிடறேன். சத்தியமா."

நான் அக்காவைப் பார்த்தேன். ஒரு வருஷமாக அவள் கேட்டது அதுதான். கையில் கொண்டுவந்து வைக்கிறான்.

"மீனு உங்களுதாவே இருக்கட்டும் மிஸ்டர் சில்வெஸ்டர். காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றாள் அக்கா.

அவன் காப்பி குடிக்கவில்லை.

ஈஸ்டர் பாஸ்கா நெருங்கியது. அக்கா சாமியாரிடம் பாவம் சொல்லப் பாவசங்கீர்த்தனப் பெட்டிக்குப் போய், போன வேகத்தில் முகம் சிவந்து திரும்பி வந்தாள். அந்த ஆளை மன்னித்துவிட்டு வா, அப்புறம்தான் பாவமன்னிப்பு என்று சாமியார் சொல்லிவிட்டாராம். "மன்னிக்கிறேன்னு வாயால சொல்லிட்டு வாங்கேன்க்கா, யார் உள்ள பாக்கப்போறா?" என்றேன். "அந்தப் பெட்டிக்குள்ள பொய் சொல்லமாட்டேன்" என்றாள். பாஸ்கா ஞாயிறு பூசையில் பெஞ்சு பெஞ்சாக எல்லோரும் எழுந்து, சாமியார் நாக்கில் வைக்கிற அப்பத்தை, நன்மையை, வாங்கப் போனோம். பாவமன்னிப்பு கிடைக்காத அக்கா மட்டும் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். புதுநன்மை எடுத்த நாளிலிருந்து ஒரு பாஸ்காவும் தவறாதவள். கோவில் முழுக்க அவள் முதுகைப் பார்த்தது. சில்வெஸ்டர் பீடத்துக் கம்பிக்கு முன்னால் முழங்காலில் இருந்து நன்மை வாங்கிக்கொண்டு, கைகளைக் குவித்துக்கொண்டு திரும்பினான்.

அவனிடமும் சாமியார் ஏதோ கேட்டிருக்க வேண்டும். பூசை முடிந்து ஹாலில் எல்லோரும் காப்பியும் கேக்குமாக நின்றபோது, அவன் போட்டோவுக்குக் கீழே போய் நின்று, ஸ்பூனால் கோப்பையைத் தட்டினான். வழக்கமான கதைதான் வரப்போகிறது என்று நான் பல்லைக் கடித்தேன்.

"நான் ஒரு விஷயம் சொல்லணும்," என்றான்.  "எடுத்தத திருப்பிக் குடுக்கணும்னு சாமியார் சொன்னாங்க. இந்த மீன நான் பிடிக்கல. மிஸஸ் ஆம்ப்ரோஸ் பிடிச்சாங்க. நான் பொய் சொன்னேன்."

 எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.  வந்துவிட்டது, நிபந்தனை ஒன்றும் இல்லாமல், பாஸ்கா நாளில், ஊர் அறிய அவள் மீன் அவளுக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். அழுகை வந்தது எனக்கு.

அக்கா கோப்பையை மேஜைமேல் வைத்தாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ரொம்ப அன்பாகச் சொன்னாள்.

"இல்லீங்க. அது அவர் பிடிச்ச மீனுதான். நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அவருக்கு அந்தச் சேத்துல விழுந்ததுலேர்ந்து மனசு சரியில்ல போல. யாராச்சும் வீட்ல கொண்டுபோய் விடுங்க."

சில்வெஸ்டர் முகம் வெளுத்துவிட்டது. "இல்ல, இல்ல, அவங்கதான்" என்று திக்கினான். "சொல்லுங்கம்மா, நீங்கதானே" என்று கெஞ்சினான். சங்கத்தார் இரண்டு பேர் வந்து ஆளுக்கொரு தோளைப் பிடித்துக்கொண்டு, "சரி சரி, வாப்பா, வெயில்ல அலையாத" என்று சொல்லி அவனை வெளியே நடத்திக்கொண்டு போனார்கள். அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். அந்த வருஷமே செயலாளர் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் அவன் அந்த உண்மையை யாரிடமெல்லாமோ சொல்லிப் பார்த்தான். கேட்கிறவர்கள் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா புடவைகூட மாற்றாமல் அடுப்படியில் உட்கார்ந்து, பிரியாணிக்கு வெங்காயம் அரிய ஆரம்பித்தாள். நான் மசாலா வறுத்தேன். திரும்பிப் பார்த்தால், அவள் கத்தியைக் கீழே போட்டுவிட்டு, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். ஆம்ப்ரோஸ் செத்தபோது அழுததற்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்ததில்லை. நூல் அறுத்த அந்தக் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வலிக்குது டோரதி. என் மீனுடி அது."

"தெரியும்க்கா."

"அவனுக்கு இதைவிட வலிக்குமா?"

ஹால் வாசலில் திரும்பிப் பார்த்த அந்த முகத்தை நினைத்துப் பார்த்தேன்.

"வலிக்கும்க்கா. சாவற வரைக்கும் வலிக்கும்."

அவள் மூக்கை உறிஞ்சி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப சரி" என்றாள்.